சூட்டில் அடிபடும் எஃகுக்குள் என்ன நடக்கிறது?

கொஞ்சம் கனமான இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து, ஒரே இடத்தில் வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்துப் பாருங்கள். முதல் தடவை சுலபமாக வளையும். சில தடவைக்குப் பிறகு அந்த இடம் மட்டும் முரண்டுபிடிக்கும். விடாமல் வளைத்தால் பட்டென்று ஒடியும். அதே கம்பியை ஆரஞ்சு நிறம் வரக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தால், அடிக்க அடிக்க நீளும், பரவும். முரண்டும் இல்லை, ஒடிவதும் இல்லை.

சூட்டில் இரும்பு இளகிவிடுகிறது, அதனால்தான் என்பது வழக்கமான பதில். அது பாதி பதில். சூட்டில் வலிமை குறைவது உண்மைதான். ஆனால் சூடான எஃகும் ஒவ்வொரு அடியிலும் இறுகத்தான் செய்கிறது. இறுகியது அந்த நொடியிலேயே, அல்லது அடுத்த அடி விழுவதற்குள், அவிழ்ந்துவிடுகிறது. அந்த அவிழ்தல் எப்படி நடக்கிறது என்பதுதான் விஷயம். அடிகளைப் போலவே, அடிக்கும் அடிக்கும் நடுவில் விடும் இடைவெளியும் எஃகைச் செதுக்குகிறது. பாடப்புத்தகங்கள் இதைக் கடைசி அத்தியாயங்களில் சொல்லும். நாம் இப்போதே மனதில் வைத்துக்கொள்வோம்.

மணிகளும் எல்லைகளும்

எஃகுத் துண்டு ஒன்றைக் கண்ணாடி போல மெருகேற்றி, நீர்த்த அமிலத்தால் லேசாக அரித்து, நுண்ணோக்கியில் வைத்தால் அது ஒரே கட்டியாகத் தெரியாது. நெருக்கமாக அடுக்கிய சிறு சிறு அறைகள் தெரியும். இப்படி அரித்துப் பார்க்கும் முறையை 1863-64 வாக்கில் ஷெஃபீல்டில் ஹென்றி கிளிஃப்டன் சார்பி தொடங்கிவைத்தார். ஒவ்வோர் அறையும் ஒரு படிகம். அதை மணி என்று சொல்வோம். ஒரு மணிக்குள் இரும்பு அணுக்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில், ஒரே திசையில் அடுக்கியிருக்கும். பக்கத்து மணியிலும் அதே ஒழுங்குதான், திசை மட்டும் வேறு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் எந்தப் பக்கத்து ஒழுங்கிலும் சரியாகப் பொருந்தாத அணுக்கள் இருக்கும். அதுதான் மணி எல்லை. மணிகளின் அளவு, வடிவம், எல்லைகளின் தன்மை, நடுவில் கிடக்கும் வேற்றுத் துகள்கள் எல்லாம் சேர்ந்ததுதான் நுண்ணமைப்பு.

இரும்பின் அடுக்கு முறை வெப்பநிலையைப் பொறுத்து மாறும். சுத்த இரும்பு 912 டிகிரி செல்சியஸ் வரை ஃபெரைட் என்ற அடுக்கில் இருக்கும். அங்கிருந்து 1394 டிகிரி வரை ஆஸ்டினைட் என்ற வேறோர் அடுக்கில். கார்பன் சேரச் சேர எஃகு முழுவதும் ஆஸ்டினைட்டாகும் வரம்பு இறங்கிக்கொண்டே வந்து, கார்பன் 0.8 சதவீதத்தை நெருங்கும்போது 727 டிகிரிக்கு வந்துவிடும். உருட்டாலையிலும் ஃபோர்ஜிங் பட்டறையிலும் எஃகை 1100 முதல் 1250 டிகிரி வரை காய்ச்சித்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். ஆக, சூட்டில் அடிபடுவது பெரும்பாலும் ஆஸ்டினைட். இதை மறந்துவிட்டு, ஆறிப்போன எஃகின் படத்தைப் பார்த்து "இந்த மணிதான் அடிபட்டு இப்படி ஆனது" என்று நினைப்பது புதியவர்கள் எல்லோருக்கும் வரும் குழப்பம். ஆறிய எஃகில் நாம் பார்ப்பது, அடிபட்ட ஆஸ்டினைட் மறைந்து அதன் இடத்தில் பிறந்த வாரிசைத்தான்.

இறுக்கம் எங்கிருந்து வருகிறது

உலோகம் வளையும்போது அணுத் தளங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஒரு தளம் முழுவதும் ஒரே சமயத்தில் வழுக்க வேண்டுமானால் தேவைப்படும் விசை, நாம் சோதனையில் அளப்பதைவிடப் பல மடங்கு அதிகம். உண்மையில் நடப்பது வேறு. அணு அடுக்கில் டிஸ்லொகேஷன் என்ற கோடு வடிவக் குறை ஒன்று இருக்கிறது. அந்தக் கோடு நகர நகர, அது கடந்த பகுதியில் மட்டும் தளம் ஓர் அணு தூரம் வழுக்கியிருக்கும். ஒவ்வொரு வரிசையாகப் பிணைப்பு விட்டு, அடுத்த வரிசையோடு சேர்கிறது. அதனால் சிறிய விசையே போதும். 1934-ல் டெய்லர், ஓரோவன், போலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே இந்தக் கருத்தை முன்வைத்தார்கள்.

வளைக்க வளைக்க இந்தக் கோடுகள் பெருகும். பெருகியவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டும், சிக்கும், ஒன்றின் வழியை இன்னொன்று மறிக்கும். கம்பி முரண்டுபிடித்தது இதனால்தான். எவ்வளவு பெருகும் என்பதற்கு ஒரு கணக்கு: கடுமையாக வளைத்து இறுகிப்போன எஃகில், ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் எல்லா டிஸ்லொகேஷன் கோடுகளையும் நீட்டி வரிசையாக வைத்தால் சுமார் 10 லட்சம் கிலோமீட்டர் வரும். நிலவுக்குப் போய்த் திரும்பியும் மிச்சமிருக்கும். பதமாக ஆற்றிய எஃகில் இது ஆயிரம் கிலோமீட்டரோ, அதற்கும் குறைவோதான்.

இந்தச் சிக்கல் சும்மா கிடப்பதில்லை. ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் அணு அடுக்கு இழுபட்டும் நெருக்குண்டும் இருக்கிறது. அதில் ஆற்றல் தேங்கியிருக்கிறது. நாம் செய்யும் வேலையில் பெரும்பங்கு, சுமார் 90 சதவீதம், வெப்பமாகிப் போய்விடும். மீதிச் சொற்பம்தான் உள்ளே தங்கும். அந்தச் சொற்பம்தான் இனி நடக்கப்போகும் எல்லாவற்றுக்கும் எரிபொருள்.

அவிழும் வழிகள்

குளிர்ந்த கம்பியில் சிக்கல் அப்படியே உறைந்துவிடும். சூட்டில் அணுக்களுக்கு இடம் மாறும் தெம்பு இருப்பதால் சிக்கல் அவிழ இரண்டு வழிகள் திறக்கின்றன.

முதலாவது மீட்சி. எதிரெதிர் வகைக் கோடுகள் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மீந்தவை தம் தளத்தைவிட்டு ஏறி இறங்கி, வரிசைகட்டி நின்று, ஒரு மணிக்குள்ளேயே மெல்லிய தடுப்புச் சுவர்கள் எழுப்புகின்றன. இவற்றுக்கு இடைப்பட்டவை உள்மணிகள். ஓர் உள்மணிக்கும் அடுத்ததற்கும் திசை வேறுபாடு ஓரிரு டிகிரிதான் இருக்கும். பழைய மணி பழைய மணியாகவே இருக்கிறது, உள்ளே மட்டும் ஒதுங்கவைத்தாயிற்று.

இரண்டாவது மறுபடிகமாதல். இது ஒதுங்கவைக்கும் வேலையே இல்லை, இடித்துக் கட்டும் வேலை. சிக்கல் மிகுந்த இடத்தில், குறிப்பாகப் பழைய மணி எல்லையில், சிக்கலே இல்லாத ஒரு புது மணி முளைக்கிறது. அதன் எல்லை முன்னேறி, எதிரே இருக்கும் சிக்கல் நிறைந்த பழைய படிகத்தை விழுங்கியபடி வளர்கிறது. எல்லை கடந்த இடமெல்லாம் சுத்தம். கடைசியில் பழைய மணிகள் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம்.

எது நடக்கும் என்பது படிக வகையைப் பொறுத்தது. ஃபெரைட்டில் டிஸ்லொகேஷன்கள் எளிதாகத் தளம் மாறும். அதனால் மீட்சியே போதுமான அளவு வேலையை முடித்துவிடும். ஆஸ்டினைட்டில் ஒவ்வொரு கோடும் இரண்டு அரைக்கோடுகளாகப் பிளந்து, நடுவில் அணு அடுக்கு பிசகிய ஒரு நாடாவை இழுத்துக்கொண்டு திரிகிறது. பிளந்த ஜோடி ஒன்றுசேர்ந்தால்தான் தளம் மாற முடியும், அது சிரமம். அதனால் ஆஸ்டினைட்டில் மீட்சி மந்தம், சிக்கல் குவிகிறது, குவிந்தது ஒரு கட்டத்தில் மறுபடிகமாதலாக வெடிக்கிறது. எஃகைச் சூட்டில் அடித்து மணியைப் பொடியாக்க முடிவது ஆஸ்டினைட்டின் இந்தச் சிரமத்தால்தான்.

ஒரு சோதனையைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்

ஆய்வகத்தில் 10 மில்லிமீட்டர் விட்டமும் 15 மில்லிமீட்டர் உயரமும் உள்ள எஃகு உருளை ஒன்று. அதை 1200 டிகிரிக்குக் காய்ச்சி, சில நிமிடம் நிறுத்தி, 1100 டிகிரிக்கு இறக்கி, இரண்டு தட்டைகளுக்கு நடுவே சீரான வேகத்தில் நசுக்குகிறார்கள். நசுக்க எவ்வளவு தகைவு (அலகுப் பரப்பில் விழும் விசை) தேவைப்படுகிறது என்பதைத் திரிபுக்கு (எவ்வளவு நசுங்கியது என்ற அளவுக்கு) எதிராக வரைந்தால் கிடைக்கும் வளைகோட்டில் மொத்தக் கதையும் இருக்கிறது.

தொடக்கத்தில் கோடு சடசடவென ஏறுகிறது: டிஸ்லொகேஷன்கள் பெருகுகின்றன. பிறகு ஏற்றம் தணிகிறது: மீட்சி போட்டிக்கு வந்துவிட்டது. மீட்சி மட்டுமே இருந்தால், பெருக்கமும் அழிவும் சமமாகும் இடத்தில் கோடு அப்படியே கிடையாகப் படுத்துவிடும். ஃபெரைட்டில் அப்படித்தான் ஆகும். ஆஸ்டினைட்டில் கோடு ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கி, அதன்பின்தான் கிடையாகும். அந்த இறக்கம்தான் நசுங்கிக்கொண்டிருக்கும்போதே நடக்கும் இயங்குநிலை மறுபடிகமாதலின் கையெழுத்து. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: புது மணிகள் உச்சத்தில் பிறப்பதில்லை, உச்சத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன. உச்சத் திரிபில் சுமார் 60 முதல் 80 சதவீதத்தை எட்டும்போதே முதல் மணிகள் முளைத்துவிடும். அவை சுமையைக் குறைக்கும் அளவுக்குப் பெருக நேரமாவதால் கோடு தாமதமாகத் தலைகுனிகிறது.

எங்கே முளைக்கின்றன? பழைய மணி எல்லைகளில். எல்லை நெளிந்து, அந்த நெளிவின் ஒரு பகுதி துண்டாகப் பிரிந்து புது மணியாகிறது. சோதனையை நடுவில் நிறுத்தி, துண்டை நொடியில் தண்ணீரில் முக்கி உறையவைத்துப் பார்த்தால், பெரிய பழைய மணிகளைச் சுற்றி எல்லை நெடுகச் சிறு மணிகள் கோத்திருக்கும். ஆராய்ச்சியாளர்கள் இதைக் கழுத்தில் அணியும் ஆரம் போன்ற அமைப்பு என்கிறார்கள். நசுக்கலைத் தொடர்ந்தால் முதல் வரிசைக்கு உள்பக்கம் இரண்டாம் வரிசை, பிறகு மூன்றாம் வரிசை என நடுவரை நிரம்பும்.

புது மணிகளும் அடியிலிருந்து தப்புவதில்லை. பிறந்த கணத்திலிருந்தே அவையும் நசுங்குகின்றன, அவற்றுக்குள்ளும் சிக்கல் சேர்கிறது. அதனாலேயே அவற்றின் வளர்ச்சி சீக்கிரம் நின்றுபோய், மணிகள் சிறியவையாகவே இருக்கின்றன. கோடு கிடையான பிறகு மணியின் சராசரி அளவு ஒரு நிலையான மதிப்பில் நின்றுவிடும். தொடங்கும்போது மணி எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது அந்த மதிப்பைப் பாதிப்பதில்லை. முதல்முறை படிக்கும்போது நம்பக் கஷ்டமான விஷயம் இது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோடு இறங்கிவிட்டது என்பதாலேயே மறுபடிகமாதல் நடந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. வேகமாக நசுக்கும்போது, வெளியேற நேரமில்லாத வெப்பம் துண்டையே சூடாக்கும். தகைவு 150 மெகாபாஸ்கல், திரிபு 0.5 என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 15 டிகிரி ஏறும். சூடு ஏறினாலும் தகைவு இறங்கும். துண்டை அறுத்து மணிகளைக் கண்ணால் பார்க்காமல் வளைகோட்டை மட்டும் காட்டும் எந்த முடிவையும் நான் பாதிதான் நம்புவேன்.

வெப்பமும் வேகமும்

நிலையான அந்த மணி அளவு எதைப் பொறுத்தது? இரண்டை: வெப்பநிலை, நசுக்கும் வேகம். வேகத்தைக் கூட்டினால் அணுக்களுக்கு இடம் மாற அவகாசம் குறையும்; வெப்பத்தைக் குறைத்தாலும் அதே விளைவுதான். 1944-ல் ஸீனரும் ஹோலமனும் இந்த இரண்டையும் ஒரே அளவுருவில் அடக்கினார்கள். சூத்திரம் இங்கே வேண்டாம், பொருள் போதும்: ஒரு வேகத்தில் குளிராக அடிப்பதும், அதைவிடக் கூடுதல் வேகத்தில் சூடாக அடிப்பதும் எஃகுக்கு ஒன்றே. அணுக்கள் இடம் மாறத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையை, அதாவது கிளர்வு ஆற்றலை, மோலுக்கு 300 கிலோஜூல் என்று எடுத்துக்கொண்டால், 1100 டிகிரியிலிருந்து 1000 டிகிரிக்கு இறங்குவது வேகத்தை ஏறக்குறைய எட்டு மடங்கு கூட்டுவதற்குச் சமம்.

இந்த அளவுரு பெரிதானால், அதாவது வேகம் கூடினாலோ வெப்பம் குறைந்தாலோ, தகைவு கூடும், புது மணிகள் பொடியாகும், ஆனால் அவை முளைக்கத் தேவையான திரிபும் கூடிவிடும். சிறிதானால் எல்லாம் தலைகீழ். மிகச் சூடாக, மிக மெதுவாக நசுக்கினால் வளைகோட்டில் ஒரே உச்சத்துக்குப் பதிலாக அலை அலையாகப் பல உச்சங்கள் வரும். ஒரு தலைமுறை மணிகள் முழுவதும் பிறந்து முடிந்த பின்னரே அடுத்த தலைமுறை தொடங்குவதால் வரும் அலைகள் அவை.

இடைவெளியில் நடப்பவை

இதுவரை சொன்னதைப் படித்தவர், உருட்டாலையில் ஒவ்வொரு பாஸிலும் (உருளைகளுக்கு நடுவே ஒரு முறை போய்வருவதில்) எஃகு இப்படித்தான் புதுப்பிக்கப்படுகிறது என்று நினைக்கலாம். பெரும்பாலும் இல்லை. தடிமனான தகட்டை உருட்டும்போது ஒரு பாஸில் கொடுக்கும் திரிபு, இயங்குநிலை மறுபடிகமாதல் தொடங்கத் தேவையான அளவை எட்டுவதே அபூர்வம். எஃகு சிக்கலோடு உருளையைவிட்டு வெளியே வருகிறது. அடுத்த பாஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், யாரும் அழுத்தாதபோது, புது மணிகள் முளைத்துப் பழையவற்றை விழுங்குகின்றன. இது ஓய்வுநிலை மறுபடிகமாதல். சாதாரணக் கார்பன்–மாங்கனீசு எஃகில் 1000 டிகிரியை ஒட்டி இந்த வேலையில் பாதி சில நொடிகளுக்குள் முடிந்துவிடும். வெப்பம் இறங்க இறங்க நேரம் நீளும்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் உண்டு. அடியின்போதே முளைத்துவிட்ட புது மணிகள், அடி நின்ற பிறகு அழுத்தம் இல்லாமல் தொடர்ந்து வளர்வது. முளைக்கக் காத்திருக்கும் நேரம் இதற்குத் தேவையில்லை, அதனால் மிக விரைவு. இதன் வேகத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு நசுக்கினோம் என்பதைவிட, எவ்வளவு வேகமாக நசுக்கினோம் என்பதுதான்.

சரி, இடைவெளி நல்லது என்றால் நிறையவே விடலாமே? கூடாது. எல்லாப் பழைய மணிகளும் தீர்ந்த பின் புது மணிகள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். சோப்பு நுரையில் சின்னக் குமிழிகள் சுருங்கி மறைந்து பெரிய குமிழிகள் இன்னும் பெரிதாகும் அல்லவா, அதே கணக்குதான்: மொத்த எல்லைப் பரப்பைக் குறைத்தால் ஆற்றல் மிச்சம். பொடியாக்கப் பட்ட பாடெல்லாம் சூட்டில் சும்மா நிறுத்திவைத்தால் வீணாகும். அதனால் உருட்டும் அட்டவணையைப் போடுபவர் இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும்: மறுபடிகமாதல் முடியும் வரை நேரம் வேண்டும், மணி பருக்கும் வரை விடவும் கூடாது. வேகமாக ஓடும் பட்டைத் தகட்டு ஆலையின் கடைசி ஸ்டாண்டுகளில் (வரிசையாக நிற்கும் உருளைத் தொகுதிகளில்) அந்த வசதியும் இல்லை. பாஸ்களுக்கு நடுவே ஒரு நொடிகூடக் கிடைக்காது. ஒரு பாஸின் மிச்சச் சிக்கல் அடுத்த பாஸின் கணக்கில் ஏறும்.

வேண்டுமென்றே தடுப்பது

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. எஃகில் 0.03 முதல் 0.05 சதவீதம் நையோபியம் சேர்த்தால் மறுபடிகமாதலை ஏறக்குறைய நிறுத்திவிடலாம். கரைந்த நிலையில் நையோபியம் அணுக்கள் எல்லைகளைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கின்றன. வெப்பம் இறங்கியதும் அவை கார்பனோடும் நைட்ரஜனோடும் சேர்ந்து நானோமீட்டர் அளவுத் துகள்களாக, அதுவும் டிஸ்லொகேஷன்கள் மேலேயே, படிகின்றன. அந்தத் துகள்கள் எல்லையை ஆணியடித்தாற்போல் நிறுத்திவிடும். ஏறக்குறைய 950 முதல் 1050 டிகிரிக்குள், கலவையைப் பொறுத்து, ஒரு வரம்பு வரும். அதற்குக் கீழே பாஸ்களுக்கு நடுவே மறுபடிகமாதல் முழுமையாக நடக்காது.

ஏன் தடுக்க வேண்டும்? அந்த வரம்புக்குக் கீழே உருட்டினால் ஆஸ்டினைட் மணிகள் தட்டையாகி நீண்டுகொண்டே போகும், உள்ளே சிக்கலும் குவிந்துகொண்டே போகும். பிறகு ஆறும்போது ஃபெரைட் மணிகள் முளைக்க இடம் தேடும். நீண்ட எல்லைகள், மணிக்குள் கிடக்கும் திரிபுப் பட்டைகள் என எங்கு பார்த்தாலும் முளைக்கும் இடம்தான். முளைகள் அதிகமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் குறைவு. ஃபெரைட் மணி 5 மைக்ரோமீட்டர் அளவுக்குப் பொடியாகும். உருட்டிய கையோடு தண்ணீர் பாய்ச்சி வேகமாக ஆற்றினால் இன்னும் பொடியாகும். எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கான தகடுகள் இப்படித்தான் தயாராகின்றன.

பொடி மணியால் என்ன லாபம் என்பதை 1950-களின் தொடக்கத்தில் ஹாலும் பெட்சும் தனித்தனியே காட்டினார்கள்: மணி சிறுத்தால் வலிமை கூடும், மணி விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில். ஃபெரைட் மணியை 20 மைக்ரோமீட்டரிலிருந்து 5-க்குக் கொண்டுவந்தால் நெகிழ்வு வலிமையில் (நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவில்) சுமார் 120 மெகாபாஸ்கல் கூடுதலாகக் கிடைக்கும். எஃகை வலுவாக்கும் மற்ற வழிகள் பலவும் அதை நொறுங்கும் தன்மைக்குத் தள்ளும். மணியைப் பொடியாக்குவது வலிமையையும் கூட்டும், குளிரில் நொறுங்காமலும் காக்கும்.

மறைந்துபோன மணியைக் கண்டுபிடிப்பது

ஆஸ்டினைட் ஆறும்போது மறைந்துவிடும் என்றால் அதன் மணிகளைப் பார்ப்பது எப்படி? சூட்டில் இருக்கும்போதே தண்ணீரில் முக்கினால் அது மார்ட்டன்சைட் என்ற கடினமான வேறோர் அமைப்பாக மாறும், ஆனால் பழைய ஆஸ்டினைட் எல்லைகளின் தடம் மிஞ்சும். அந்தத் தடத்தைப் பிக்ரிக் அமிலக் கரைசலால் அரித்து வெளிக்கொண்டுவருவார்கள். எல்லா எஃகிலும் எளிதில் தெரியாது. ஒரே துண்டை நாலைந்து முறை மெருகேற்றி அரிக்க வேண்டியிருக்கும். பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கக்கூடியது என்பதால் கவனமாகக் கையாள வேண்டிய சாமானும்கூட. இந்தத் தொல்லை வேண்டாம் என்று, அறை வெப்பநிலையிலும் ஆஸ்டினைட்டாகவே நிற்கும் துருப்பிடிக்கா எஃகையோ 30 சதவீத நிக்கல் கலந்த இரும்பையோ மாதிரியாக வைத்துப் பலர் ஆராய்கிறார்கள்.

அடி எல்லாவற்றையும் புதுப்பிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வார்ப்பில் வந்த துளைகள் சூட்டு அழுத்தத்தில் மூடிக்கொள்ளும், கரடுமுரடான வார்ப்பு மணிகள் உடைந்து மறையும். ஆனால் மாங்கனீசு சல்ஃபைடு துகள்கள் உருட்டும் திசையில் மென்மையாக நீண்டு, நாடாக்களாகக் கிடக்கும். சுற்றியுள்ள இரும்பு எத்தனை முறை மறுபடிகமானாலும் அவை அப்படியே இருக்கும். தகட்டை நீளவாக்கில் இழுத்தால் தாங்கும். தடிமன் வாக்கில் இழுத்தால் அந்த நாடாக்கள் நெடுக ஏடு ஏடாகக் கிழியலாம். நல்ல தகடுகளில் கந்தகத்தை அடிமட்டத்துக்குக் குறைப்பதும், கால்சியம் சேர்த்து அந்தத் துகள்களை நீளாத உருண்டைகளாக்குவதும் இதற்காக.

இன்னொன்று: ஒரே துண்டுக்குள் எல்லா இடமும் ஒரே மாதிரி அடிபடுவதில்லை. நசுங்கிய நம் உருளையை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். தட்டைகளை ஒட்டிய மேல், கீழ்ப் பகுதிகள் உராய்வில் பிடிபட்டு, ஏறக்குறைய நசுங்காமல் பழைய பெரிய மணிகளோடு இருக்கும். நடுப்பகுதி சராசரியைவிட அதிகம் நசுங்கி முழுவதும் பொடி மணிகளாக இருக்கும். இரண்டுக்கும் இடையில் எல்லை நெடுகச் சிறுமணிகள் கோத்த அந்த ஆர அமைப்பு. அதனால், சூட்டில் நசுக்கிய எஃகின் நுண்ணோக்கிப் படத்தை யாராவது காட்டினால், துண்டின் எந்த இடத்தில் எடுத்தது என்பதை முதலில் கேளுங்கள்.